பதினாறாவது அடி

அடி அண்ணாமலையில் போய்ச் சகாதேவன் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். பால் ஊற்றுகிற சகாதேவன் ஒருவர், கரண்டு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். நாம் பேசுவது மூன்றாமவரைப் பற்றி. சாமி தூக்குகிற கருப்பனின் மூத்த மகன். கருப்பனுக்குத் தங்கியது இரண்டு பிள்ளைகள்தான். சகாதேவன் பிறந்து ஏழு வருஷம் கழித்துப் பொன்னி. நடுவில் ஒன்று பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. பொன்னியைக் கட்டிய மாறன் அசலூர்க்காரன் அல்ல. கருப்பனின் கூடப்பிறந்த தங்கை பெற்ற பிள்ளை. ஆகவே சகாதேவனுக்கு அவன் அத்தை மகன், பிறகு தங்கை புருஷன். இரண்டு முடிச்சு போட்ட உறவு. அது அறுந்ததால்தான் சகாதேவன் அப்படித் தனியாக நின்றார்.

சகாதேவனும் மாறனும் இருபத்திரண்டு வருஷம் ஒரே தண்டில் சாமி தூக்கியவர்கள். தெருக்கோயில் அம்மனை ஆடி மாதத்தில் ஊர்வலம் கொண்டுபோகும்போது இடப்பக்கத் தண்டில் முன்னால் சகாதேவன், அவருக்கு நேர் பின்னால் மாறன். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனைப் பார்க்க முடியாது. பேசவும் கூடாது. தண்டு தோளில் எப்படி அமுங்குகிறது, எப்படி லேசாகிறது என்பதை வைத்தே ஒருவன் கால் இன்னொருவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பம்பைக்காரர் அடித்த பிறகுதான் அடி எடுக்க வேண்டும். இவர்கள் இரண்டு பேரையும் ஊரில் "ஜோடி" என்றே சொல்வார்கள். அக்கம்பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக்கூட ஜோடியாகத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, தெருமுனையில் திரும்புகிற இடத்தில் தண்டு சரிந்தது. மாறன் கால் சாக்கடை மூடியின் ஓரத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தது. அம்மன் கழுத்து மாலை அறுந்து தெருவில் கிடந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். தெருப் பெரியவர்கள் ஓடிவந்து, "யாருப்பா காலை மாத்தினது?" என்று கேட்டார்கள். சகாதேவன் சொன்னார்:

"பின்னாலதாங்க. மாறன் கால் மாத்திட்டான்."

பார்த்தவர்களும் ஆமாம் என்றார்கள். மாறன் சட்டென்று ஒரு குட்டை அடி வைத்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். தரையில் கிடந்த மாறன் சகாதேவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசாதவன் அதற்குப் பிறகும் அவரிடம் பேசவே இல்லை. அந்த வருஷம் மழை கம்மி. அதையும் மாறன் தலையில் போட்டார்கள். பிறகு அவனைச் சாமி தூக்க யாரும் கூப்பிடவில்லை. ஊரில் தலைகாட்டப் பிடிக்காமல் பொன்னியையும் மகள் கவிநிலாவையும் அழைத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குக் குடிபோய்விட்டான். அங்கே ஓர் ஆபீசில் வாட்ச்மேன் வேலை. நான்கு வருஷத்துக்கு முன்பு சகாதேவன் பெண்சாதி எல்லம்மாள் இறந்தபோது வந்தான். வாய்க்கரிசி போட்டான். பின்பக்கமாகப் போய்விட்டான். பொன்னி மட்டும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவ்வளவுதான்.

சகாதேவனும் அதற்குப் பிறகு தண்டைத் தொடவில்லை. தோள் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டார். ஒரே மகள் எழில் ஓசூரில் கம்பெனி வேலைக்காரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அறுபத்து மூன்று வயதில் சகாதேவனுக்கு மிச்சம் இருந்தது ஒரு வேலைதான். கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, மலையைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கும் குஞ்சிதபாதம் சார் வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை.

குஞ்சிதபாதம் சார் டவுனில் பூசை பண்ணுகிற குடும்பத்துப் பிள்ளை. படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனவர். அங்கே இன்ஜினியராக இருந்து, வயதான பிறகு இங்கே வீடு கட்டி மூன்று வருஷம் இருந்தார். பெண்சாதி சைலஜா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே, மகன் வீட்டுக்கு மறுபடியும் ஜெர்மனிக்கே போய்விட்டார்கள். வீட்டில் அவர் விட்டுவிட்டுப் போன பெரிய சொத்து, ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்த ரெக்கார்டுகள். கறுப்புத் தட்டு. முந்நூறுக்கு மேல் இருக்கும்.

"மழைக்காலத்துல இதுல பூசணம் பூத்துடும் சகாதேவா. ஐப்பசி பொறந்ததுலேர்ந்து தெனம் நாலு தட்டு எடு. மெத்துத் துணியால தொடை. மிஷின்ல போட்டு முழுசா ஓடவிடு. கரகரன்னு கேட்டா தட்டோட நம்பரை நோட்டுல எழுதி வை. ஒண்ணையும் விடாத."

இதுதான் உத்தரவு. சகாதேவன் சொன்னதைச் செய்கிறவர்.

முதல் மழைக்காலத்தில் முதல் தட்டைப் போட்டுவிட்டு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிடில் ஒன்று கேட்டது. கூடவே டங் டங் என்று இன்னொன்று. நல்லது, சுருதி சேர்க்கிறார்கள், பாடுகிறவர் வருவார் என்று காத்திருந்தார். பிடில் என்றால் பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுதானே. தட்டு ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் முடிந்தது. பாடுகிறவர் வரவே இல்லை. மறுநாள் சார் போன் பண்ணும்போது பயந்துகொண்டே சொன்னார்.

"சார், தட்டு கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். பாட்டு மட்டும் அழிஞ்சிடுச்சு. பக்கவாத்தியம்தான் நிக்குது."

சார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அடப் போப்பா. அதுக்கு சொனாட்டான்னு பேரு. பாட மாட்டா. வயலினும் பியானோவும் மட்டும்தான். அதான் முழுக் கச்சேரி."

"அப்போ பியானோக்காரரு பக்கவாத்தியம்."

"அதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும் சமப் பங்கு. சொல்லப்போனா எழுதினவர் காலத்துல பியானோவைத்தான் முதல்ல சொல்லுவா. இன்னொண்ணு கேட்டுக்கோ. நடு அடுக்குல இருக்கறதெல்லாம் ஒரே சொனாட்டாதான். இருபத்தேழு ஜோடி வாசிச்சிருக்கா."

"ஒரே பாட்டை எதுக்கு சார் இருபத்தேழு தடவை வாங்கினீங்க?"

"எழுதினது ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு ஜோடி வாசிக்கும்போதும் அது வேற ஆளாயிடும். கேளு, உனக்கே தெரியும்."

ஜோடி என்ற அந்த வார்த்தைதான் சகாதேவனை உட்காரவைத்தது என்று சொல்ல வேண்டும். அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஏறாது. படித்தது நாலாவது. அதனால் படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துக்கொண்டார். தாடிக்காரர் ஜோடி. அண்ணன் தங்கச்சி ஜோடி, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. இரண்டு கிழவர்கள் ஜோடி. பச்சைக் கவுன் அம்மாவும் வழுக்கைத் தலைக்காரரும். இப்படி இருபத்தேழு.

முதல் மழையில் எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. இரண்டாவது மழையில் கண் திறந்த மாதிரி காது திறந்தது. தாடிக்காரர் எல்லா இடத்திலும் அழுவார். அழ வேண்டிய இடம் வரும்போது அவர் கையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. கிழவர்கள் இரண்டு பேரும் அவசரமே இல்லாமல் போவார்கள். ஓர் இடத்தில் பியானோக் கிழவர் தப்பாக ஒரு கட்டையைத் தொட்டுவிடுவார். மற்றவர் அதைக் கண்டுகொள்ளாமல், வாசலில் தடுக்கின சம்பந்தியைப் பார்க்காத மாதிரி நடப்போமே, அந்த மாதிரி, மேலே போய்விடுவார். அண்ணன் தங்கச்சி ஜோடியில் ஒருத்தர் சொல்ல ஆரம்பித்ததை மற்றவர் முடிப்பார். அந்தத் தட்டைச் சகாதேவன் துடைத்து, ஓடவிட்டு, அது ஓடுகிற நேரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் செடிகளுக்குக் களை பிடுங்குவார். உட்கார்ந்து கேட்கமாட்டார்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? டீக்கடையில் ஒரு நாள் எடுத்தார். "தாடிக்காரரு இருக்காரே, அவரு பிடிலு..." என்று ஆரம்பித்ததும் கடைக்காரர், "எந்தத் தாடிக்காரரு? பௌர்ணமிக்கு வந்து தங்குவாரே, அந்தச் சாமியாரா?" என்று கேட்டார். சகாதேவன் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். மகளிடம் சொன்னதற்கு, "தனியா இருந்து இருந்து இங்கிலீஷ் பாட்டு கேக்குற அளவுக்குப் போயிட்டியாப்பா? பேசாம இங்க வந்துடு" என்றாள். அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தத்தையும் இந்த இரண்டு வாத்தியங்களையும் தவிர வேறு குரல் கிடையாது. சில நாள் மத்தியானம் பேச வாய் திறந்தால் தொண்டை கட்டியிருக்கும். காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது மழைக்காலத்தில், அதாவது போன ஐப்பசியில், அதே டீக்கடையில் அந்தச் செய்தி காதில் விழுந்தது. மாறன் மகளுக்குக் கல்யாணம். தையில் முகூர்த்தம். மாப்பிள்ளை செங்கம் பக்கம்.

கவிநிலாவுக்குக் காது குத்தியது சகாதேவன் மடியில். அவள் அப்போது ஒரே கத்தாகக் கத்தி அவர் வேட்டியை நனைத்துவிட்டாள். மணமேடைக்குக் கூட்டிவருவதற்கு முன்பு பெண் கழுத்தில் மாலை போடுவது தாய்மாமன்தான். பொன்னிக்குக் கூடப்பிறந்தது இவர் ஒருவரே. இவர் இல்லை என்றால் பங்காளி முறையில் யாரையாவது நிறுத்துவார்கள். எல்லம்மாள் வழி உறவுகூட அவளோடு போய்விட்டது. எழிலை விட்டால் கருப்பன் வீட்டு ரத்தத்தில் அவருக்கு மிச்சம் அந்த ஒரு பெண் கழுத்தில் போடுகிற ஒரு மாலைதான். கூப்பிடுவார்களா? மாறன் கூப்பிடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். தப்பைப் பண்ணிவிட்டு இத்தனை வருஷம் வீம்பு பிடிக்கிறானே என்ற கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அன்றைக்குத் தட்டைத் துடைத்தார்.

அன்றைக்கு முறை, பச்சைக் கவுன் அம்மாவும் வழுக்கைத் தலைக்காரரும். அது ஒரு கச்சேரியில், ஆட்கள் முன்னால் வாசிக்கும்போது பிடித்தது. இருமல் சத்தம், நாற்காலி நகரும் சத்தம் எல்லாம் இருக்கும். நடுவில் மெதுவாக ஒரு பகுதி வரும். அதில் பியானோ அடிமேல் அடி வைத்து நடக்கும். பிடில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போகும். இந்த ஜோடி வாசிக்கும்போது ஓர் இடத்தில் பியானோ தடுமாறும். ஒரு அடி குட்டையாக விழும். சகாதேவனுக்கு இரண்டாவது மழையிலிருந்தே அது தெரியும். நோட்டில் தட்டு நம்பரை எழுதி, "வழுக்கையர் கால் தவறுது" என்று குறித்தும் வைத்திருந்தார்.

அந்த வருஷம்தான் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. அந்த மெதுவான பகுதி வந்தால் உட்காரமாட்டார். எழுந்து, துண்டை மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு, கூடத்தில் பியானோவோடு நடப்பார். சாமி தூக்கிய நடை. பூஜை அறைக் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் பதினாறு அடி. பியானோ பதினாறு அடி நடந்து முடிக்கும். அந்தப் பதினாறாவது அடி தரையில் படும்போது பிடில் புது வரியை எடுக்கும். நடந்து பார்த்த மற்ற ஜோடிகளும் அப்படித்தான். வேகமாகப் போகிறவர்களுக்கும் பதினாறு, கிழவர்களுக்கும் பதினாறு.

அன்றைக்குப் பச்சைக் கவுன் அம்மா வாசிக்கும்போது அவர் பதினாறாவது அடிக்குக் காலைத் தூக்கியிருந்தார். கால் இன்னும் காற்றில் இருந்தது. பிடில் எடுத்துவிட்டது.

சகாதேவன் காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

முள்ளைத் தூக்கிப் பின்னால் வைத்தார். மறுபடி கதவிலிருந்து நடந்தார். மறுபடியும் கால் காற்றில் இருக்கும்போதே பிடில் போய்விட்டது. அதற்கு அடுத்த நொடியில் பியானோ அந்தக் குட்டை அடியை வைத்தது. மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். தடுமாறியது பியானோ இல்லை. அந்த அம்மா முந்திவிட்டார்கள். அவர்கள் விழுகிற இடத்தில் தான் கீழே இருக்க வேண்டும் என்று வழுக்கையர் தன் அடியை வெட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறார். கேட்கிறவர்களுக்கு, வெட்டின அடிதான் தப்பாகத் தெரியும். முந்தின அடி அழகாகவே இருக்கும்.

போன மழையிலிருந்து அந்த மனுஷன்மேல் பழி எழுதி வைத்திருந்தோமே என்று நினைத்து நோட்டைத் தேடினார். பேனாவைக் கையில் எடுத்தவர் எழுதவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தெருமுனை திரும்புகிற இடம். ஆடி வெயில். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. இடது தோள் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதை மாறனிடம்கூடச் சொல்லவில்லை. முனையைத் தாண்டிவிட்டால் முட்டுக் கொடுத்து இறக்கலாம். பம்பைக்காரர் கை உயர்ந்தது அவர் கண்ணில் பட்டது. கை கீழே வரும் வரைக்கும் அவர் பொறுக்கவில்லை. அடி எடுத்துவிட்டார். கை உயர்ந்தது ஞாபகம் இருக்கிறது. அடித்த சத்தம் ஞாபகத்தில் இல்லை. ஒன்பது வருஷமாகத் தேடினாலும் அந்தச் சத்தம் வராது. ஏனென்றால் அப்போது அடிக்கவே இல்லை. பின்னாலிருந்த மாறன் தண்டு இழுத்ததை உணர்ந்து, குட்டையாக ஒரு அடி வெட்டிப் போட்டு, பாரத்துக்குக் கீழே வந்து நிற்கப் பார்த்தான். அந்த அடி சாக்கடை மூடியில் விழுந்தது.

மத்தியானம் முழுக்க மழை பெய்தது. மீதி மூன்று தட்டுகளை அவர் அன்றைக்கு எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சார் போன் பண்ணினார். சகாதேவன் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னார்.

"அந்தப் பச்சை அட்டையா? அது சுமாரான வாசிப்பு சகாதேவா. நல்ல இடத்துல பியானோ தடுமாறிடும். நாங்க நேர்ல கேட்ட கச்சேரிங்கறதாலதான் வச்சிருக்கேன்."

"பியானோ தடுமாறல சார். அவங்க முந்துறாங்க. இவரு ஓடிப்போய்ப் புடிக்கிறாரு."

"நீயா கண்டுபிடிச்ச?"

"நடந்து பாத்தேன் சார்."

"போட்டுக் கேக்கணும்போல இருக்கு. தட்டு அங்கன்னா இருக்கு... இருந்தாலும் ப்ரயோஜனம் இல்ல. காதுல மிஷின் வச்சிருக்கா. எல்லாம் தகர டப்பா மாதிரி கேக்கறது." பிறகு டாக்டரிடம் போக நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

உலகத்தில் இதைக் கேட்டால் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருத்தர். அவரிடமும் பாதியில் நின்றுவிட்டது.

சகாதேவன் கார்த்திகை முழுக்க யோசித்தார். மாறனிடம் நேராகப் போய்ச் சொல்லலாம். ஆனால் பழி சொன்னது தெருவில், நாலு பேர் நடுவில். வீட்டுக்குள்ளே ரகசியமாகத் திருப்பி வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது. மார்கழியில் ஒரு ஞாயிறு, தெருக்கோயில் முன்னால் பொங்கல் விளையாட்டுக்குக் கூட்டம் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் கேள்வி கேட்ட பெரியவர்கள் மூவரும் இப்போது இல்லை. விக்னேஷ்வரன்தான் தலைவர். செல்போன் கடை வைத்திருக்கிறவன். உறியடிக்கு யார் சொம்பு கொடுப்பது என்று சண்டை போய்க்கொண்டிருந்தது.

சகாதேவன் எழுந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க பெரியப்பா. சொம்பு நீங்க தர்றீங்களா?"

"சொம்பு இல்லப்பா. அம்மன் சாஞ்சுது இல்ல, ஆடியில. அது மாறன் கால் மாத்தினதால இல்ல. நான்தான் பம்பை அடிக்கிறதுக்கு முன்னால கால் எடுத்துட்டேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த ஆடி? இந்த வருஷம் ஒண்ணும் சாயலையே."

"ஒம்போது வருஷம் ஆச்சு."

"நான் அப்போ பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தேன்" என்றான் விக்னேஷ்வரன். பக்கத்தில் இருந்தவன், "டேய், ஒரு தாத்தாவுக்குக் கால் ஒடிஞ்சுதே, அதுவா?" என்றான்.

"தாத்தா இல்லடா. என் தங்கச்சி புருஷன். அப்போ நாப்பத்தெட்டு வயசு."

"சரிங்க பெரியப்பா. இப்ப நாங்க இன்னா பண்ணணும்? எழுதிக்கணுமா?"

"எழுத வேணாம். கேட்டுக்கிட்டா போதும்."

"கேட்டுக்கிட்டோம்" என்றான் விக்னேஷ்வரன், மரியாதையாகத்தான். பிறகு மறுபடியும் சொம்புக்குப் போய்விட்டார்கள்.

ஒன்பது வருஷம் ஊர் முழுக்கத் தன்னையும் மாறனையும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டிருந்தது. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு இருந்தது இரண்டே பேர். கோயில் சுவர் ஓரம் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த சந்திரகலா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் சகாதேவனுக்குச் சித்தப்பன் மகள் முறை.

"எனக்கு ஞாபகம் இருக்குது அண்ணே. இதச் சொல்றதுக்கு ஒம்போது வருஷமா உனக்கு? அவன் காலு கூடி, மறுபடியும் வலி எடுத்து, குச்சி ஊனவும் ஆரம்பிச்சுட்டான்."

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"இப்பத்தான் தெரிஞ்சுதாம்!" என்றாள் அவள், பூவைப் பார்த்துக்கொண்டே. ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே பொன்னிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் சகாதேவன் வேங்கிக்காலுக்குப் போனபோது பொன்னி வாசலிலேயே நின்றிருந்தாள். தலை நரைத்துப்போயிருந்தது. "வாண்ணே" என்று மட்டும் சொன்னாள். மாறன் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குச்சி சுவரில் சாய்த்திருந்தது. எழுந்திருக்கவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.

சகாதேவன் போனை எடுத்தார். அந்தப் பகுதியை ரெக்கார்டு மிஷின் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நடுவில் ஒரு மயில் கத்தியதும் சேர்ந்து பதிவாகியிருந்தது. போட்டுக் காட்டினார். பொன்னி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பண்ணே வரும்?" என்றாள்.

"பாட்டு கெடையாதும்மா. இது ரெண்டு பேரு." மாறன் பக்கம் திரும்பினார். "முன்னால போறது இந்தம்மா. பின்னால இவரு. இப்பக் கேளு. பதினாலு, பதினஞ்சு... இதோ. போயிட்டாங்க. உடனே இவரு அடியை வெட்டிப் போடுறாரு. தெரியுதா? எல்லாரும் இவரத்தான் தப்பு சொல்றாங்க. எங்க சாரே சொல்றாரு. ஆனா இவரு தடுமாறல. தாங்குறாரு."

மாறன் இன்னொரு தடவை போடச் சொல்லி விரலால் காட்டினான். போட்டார். மாறன் நல்ல கால் லேசாகத் தரையைத் தட்டியது. பதினாறில் நின்றது.

"என் தோளு எரிஞ்சுது மாப்ள. பம்பை அடிக்கிற வரைக்கும் நான் நிக்கல."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் மாறன். ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை. "தண்டு இழுத்துதே. இருவத்திரண்டு வருஷம் அந்தத் தோளு பின்னால நடந்தவனுக்குத் தெரியாதா? நீ முந்தினது பெருசில்ல. யாருன்னு கேட்டப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்காம சொன்ன பாரு."

பொன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. கொண்டுவந்து புருஷன் முன்னால் நீட்டினாள். மாறன் அதைத் தொட்டு, அவள் கையாலேயே கொடுக்கவைத்தான். பத்திரிகை ஏற்கனவே அச்சடித்தது. தாய்மாமன் என்று அதில் யார் பெயரும் இல்லை. வேறு யார் பெயரையும் போடாமல் விட்டிருந்தார்கள்.

"வா. மாலை போடு. அது பொண்ணுக்குச் சேர வேண்டியது" என்றான் மாறன். "என்கிட்ட பழைய மாதிரி பேச்சை எதிர்பாக்காத. வராது."

"சரி மாப்ள."

தையில் கல்யாணம் நடந்தது. கவிநிலா உயரத்தில் கருப்பன் வீட்டு ஆள். மாலை போட அவர் கையைத் தூக்க வேண்டியிருந்தது. இடது தோள் பாதிக்கு மேல் எழவில்லை. அவள் சிரித்துக்கொண்டே, "மாமா, இருங்க" என்று சொல்லித் தலையைக் குனிந்து மாலைக்குள் தானே நுழைந்துகொண்டாள். அவ்வளவு நேரமும் மாறன் வாசல் பக்கம் நின்று சம்பந்திகளை வரவேற்றுக்கொண்டிருந்தான்.

பந்தியில் சகாதேவன் கடைசி வரிசையில் ஓரத்து இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தெரியாத செங்கத்துக்காரர்கள். மாறன் குச்சியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்து, "சாப்பிடுங்க, மெதுவா சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். சகாதேவன் இலைக்கு வந்ததும் நின்றான். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த பியானோக்காரரு. அதுக்கப்புறம் அந்தம்மாகூட வாசிச்சாரா?"

சகாதேவன் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? யார் போய்ச் சரிபார்க்கப்போகிறார்கள்?

ஒரு நிமிஷம் யோசித்தார்.

"தெரியல மாப்ள. அவங்க ரெண்டு பேரும் வாசிச்சது அந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருக்குது."

மாறன் தலையை ஆட்டினான். "இந்த இலைக்கு ரசம் கொண்டாப்பா" என்று பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தான். ரசம் வந்தது. சகாதேவன் சோற்றில் குழி பண்ணி வாங்கிக்கொண்டார்.